நேமி கம்ப்யூட்டர்ஸில் ஒரு குரங்கு

திரிசலா ‘நைனா’ என்று கூப்பிடும் அவள் அப்பாவுக்கு எல்லா வார்த்தையும் வரும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவே வராது. அது ‘வேண்டாம்’.

பேனா விற்க யாராவது வந்தால் "சரிங்க, குடுத்துட்டுப் போங்க" என்பார். கடையில் ஏற்கெனவே ஒரு டப்பா நிறையப் பேனா கிடக்கும். காலண்டர் கொடுத்தால் வாங்கி மாட்டிக்கொள்வார். கடைச் சுவருக்கு என்ன நிறம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஒருநாள் யாரோ ஒருவர், "ஊருக்குப் போறேன் நேமிராஜ், வர்ற வரைக்கும் பார்த்துக்க" என்று ஒரு பூனைக்குட்டியைக் கையில் கொடுத்தார். நைனா வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. பூனை மட்டும் நன்றாக வளர்ந்து, ஜெராக்ஸ் மெஷின் சூடாக இருக்கிறது என்று அதன்மேலேயே படுத்துத் தூங்குகிறது.

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் சாலையில்தான் நைனாவின் கடை. பெயர் ‘நேமி கம்ப்யூட்டர்ஸ்’. பெயர்தான் பெரியது. உள்ளே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் கிழம். காலையில் அதை எழுப்புவதற்குள் நைனா டீ குடித்து முடித்துவிடுவார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் நைனாவின் குணம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா?’ என்று திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். நைனா ‘சரி’ என்பதை அழுத்துவார். ‘அடுத்து’ என்று ஒன்று வரும். அதையும் அழுத்துவார். இன்னும் ஒரு ‘அடுத்து’ வந்தால் அதற்கும் ஒரு அழுத்து.

"இன்னா நைனா, படிக்காமலே அழுத்திக்கினே போறீங்க?" என்று திரிசலா ஒருமுறை கேட்டாள்.

"மரியாதையா கேக்குது இல்லம்மா? மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படி மாட்டேன்னு சொல்றது?"

இப்படி ஒவ்வொரு முறையும் அவர் சரி சொல்லி முடித்ததும், இணையப் பக்கத்தின் தலைமேல் புதிதாக ஒரு பட்டை வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு டூல்பார் என்று பெயர். ஒரு டூல்பார் வானிலை சொல்லும். செஞ்சியின் வானிலை இல்லை. எங்கோ பனி கொட்டும் ஊரின் வானிலை. இன்னொன்று செஞ்சியில் இல்லாத கடைகளுக்குத் தள்ளுபடிச் சீட்டு தரும். ஒன்று ராசிபலன் சொல்லும். ஒன்று சிவப்பாக விட்டு விட்டு எரிந்து, ‘உன் கம்ப்யூட்டருக்கு ஆபத்து!’ என்று கத்தும். கடைசியாக வந்ததில் தொப்பி போட்ட ஒரு குரங்கு இருந்தது. அது பட்டையின் மேலே குதித்துக் குதித்து, ‘வா, விளையாடலாம்’ என்று கூப்பிடும்.

பட்டைமேல் பட்டை ஏறி, பார்க்க வேண்டிய பக்கம் கீழே ஒரு விரற்கடை சந்தில்தான் தெரிந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்மா. எல்லாம் இலவசம்தானே" என்றார் நைனா.

அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் எலிசபெத் அக்கா வந்தாள்.

வேர்க்க விறுவிறுக்க, ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அடிபட்ட ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கட்டுப் போட்டுவிடுவாள். போன மாதம் திரிசலா இந்தக் கடை வாசலில் சைக்கிளோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோது, நைனாவிடம் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்திருந்த எலிசபெத் அக்காதான் ஓடிவந்து தூக்கினாள். புண்ணைக் கழுவி, தன் புதுக் கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். "எரியுதுன்னு சொல்லு, பரவாயில்ல. ஆனா காலை இழுக்காத" என்று அவள் சொன்னது திரிசலாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அண்ணா, எந்தக் காலேஜ் வேணும்னு இன்னைக்கே பதியணும். ஆறு மணிக்கு சைட்டை மூடிடுவாங்க" என்றாள் எலிசபெத் அக்கா. "போன்ல பார்த்தா பட்டனே தெரிய மாட்டேங்குது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். ரோடு வரைக்கும் க்யூ. இன்னைக்கு உன் முறை வராதும்மான்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கென்னம்மா, உக்காரு. பண்ணிக்கலாம்" என்றார் நைனா.

"பதியாம விட்டா இந்த வருஷம் சீட்டு போயிடும்ணா. அப்புறம் எங்க வீட்ல திரும்ப அனுப்ப மாட்டாங்க."

அவள் இதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கவரைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவதைத் திரிசலா பார்த்தாள். இந்த வேலை முடியாமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நைனா கல்லூரிப் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். திறந்தது. ஆனால் அந்தச் சந்தில் பக்கத்தின் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. கீழே தள்ளித் தள்ளி, எலிசபெத் அக்காவின் பெயரும் எண்ணும் போட்டு, ‘உள்ளே நுழை’ என்பதை அழுத்தினார். அழுத்தியது பொத்தானை, திறந்தது வேறொரு பக்கம். ‘வாழ்த்துகள்! உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது!’ என்று பலூன்கள் பறந்தன.

"அட, பரிசு குடுக்கறாங்க" என்றார் நைனா.

"நைனா!"

"சரி சரி, மூடிட்டேன்."

மறுபடி முயன்றார். இந்த முறை குரங்கு குறுக்கே வந்து குதித்தது. அதை ஓரம் தள்ளுவதற்குள் சிவப்புப் பட்டை கத்தியது. எல்லாவற்றையும் தாண்டி ஒருவழியாக உள்ளே போனபோது, ‘நீங்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள்’ என்று பதிவுப் பக்கம் வெளியே தள்ளிவிட்டது.

எலிசபெத் அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவள் சட்டென்று திரும்பி, பூனையைத் தடவிக்கொடுப்பதுபோல் நின்றுகொண்டாள்.

நைனா கம்ப்யூட்டர் மெக்கானிக் கோதண்டராமனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நாதஸ்வர சத்தம் கேட்டது.

"மண்டகப்பட்டுல ஒரு கல்யாணத்துல இருக்கறேன் நேமிராஜ்! அதெல்லாம் ஒட்டுண்ணி மாதிரி. ஒண்ணும் பண்ண முடியாது. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் ஆவும். நாளைக்கு வந்து எடுத்துக்கினு போறேன், சரியா?"

"நாளைக்கா... சரி கோதண்டராமா."

"உள்ள இருக்கற போட்டோ, பைலு எல்லாம் போயிடும், பரவாயில்லியா?"

நைனா தலையைச் சொறிந்தார். போனவர், வந்தவர், பக்கத்து ஊர்க்காரர் என்று எத்தனையோ பேரின் படங்கள் அதற்குள் இருந்தன. "சரி..." என்றார் பாவமாக.

போனை வைத்தபிறகு அவர் முகத்தைப் பார்க்கத் திரிசலாவுக்குக் கஷ்டமாக இருந்தது. நைனா நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவருடைய நல்ல குணத்தைப் பார்த்துத்தானே இதுகளெல்லாம் வந்து ஏறி உட்கார்ந்திருக்கின்றன? அவளுக்குக் கோபம் வந்தது. நைனாமேல் இல்லை. அந்தத் தொப்பிக் குரங்கின்மேல்.

அவள் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். "நைனா, எழுந்திருங்க. நான் பார்க்கறேன்."

"மெக்கானிக்கே முடியாதுன்னுட்டாரேம்மா."

"அவர் கல்யாணத்துல இருக்கறாரு. நான் இங்க இருக்கறேன். எழுந்திருங்க."

ஆறாம் வகுப்பு படிக்கும் பெண் அப்படிச் சொன்னால் வேறு அப்பாவாக இருந்தால் அதட்டியிருப்பார். நைனா எழுந்துவிட்டார். அவருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல வராதே.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் திரிசலா ஒன்று பார்த்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று காட்டும் ஓர் இடம் உண்டு. அங்கேயே யாரை வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். தேடித் திறந்தாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன. நல்லவேளை, டூல்பார்கள் எல்லாம் தங்கள் பெயரை மறைக்காமல் வெளிப்படையாகவே போட்டுக்கொண்டிருந்தன.

"தெரியாதது எதையும் தொடாதம்மா" என்றார் நைனா.

"தொட மாட்டேன். மேல பட்டையில இன்னா பேர் இருக்குதோ, அதை மட்டும்தான் எடுப்பேன்."

வானிலைப் பட்டையை முதலில் பிடித்தாள். ‘நீக்கு’ என்றாள். மறுபேச்சில்லாமல் போய்விட்டது. தள்ளுபடிப் பட்டை, ‘ஏன் போகச் சொல்கிறீர்கள்? காரணம் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் நீளமாகக் கேள்வி கேட்டது. காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்பினாள். சிவப்புப் பட்டை, ‘நான் போனால் உனக்குப் பெரிய ஆபத்து’ என்று மிரட்டியது. திரிசலாவுக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. பிறகு, வந்த நாளிலிருந்து அது மிரட்டியதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதுவும் போயிற்று. அதன் பின்னாலேயே ராசிபலனும் போயிற்று.

கடைசியில் குரங்கு.

‘நீக்கு’ என்றதும் திரை முழுக்கக் குரங்கின் முகம் வந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக அழுதது. அடியில் பெரிய பச்சைப் பொத்தான்: ‘சரி, இருந்துகொள்.’ அதன் ஓரத்தில், தெரிந்தும் தெரியாத சாம்பல் நிறத்தில், கடுகளவு எழுத்து: ‘போய்விடு.’

"ஐயோ பாவம், அழுவுது பாரும்மா" என்றார் நைனா.

நைனாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கீபோர்டுக்குள் எறும்பு புகுந்தால்கூட நசுக்க மாட்டார். கீபோர்டைக் கவிழ்த்து வைத்து, எல்லா எறும்பும் இறங்கி நடந்து போகும்வரை வாடிக்கையாளரைக் காக்க வைப்பார்.

"நைனா, நாம இதைக் கொல்லல. எறும்பை அனுப்பற மாதிரி வெளிய அனுப்பறோம். அவ்ளோதான்."

"அப்படியா சொல்ற?"

"அது அதோட ஊட்டுக்குப் போகட்டும்."

நைனா யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திரிசலா கடுகெழுத்தை அழுத்தினாள். குரங்கு மறைந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். அது முக்கி முனகி எழுந்தது. எலிசபெத் அக்கா கைகளைக் கோத்து உதட்டருகே வைத்துக்கொண்டு ஏதோ ஜெபம் சொன்னாள். திரிசலா இணையத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தைக்கூடக் குரங்கு மாற்றி வைத்திருந்தது. அதைப் பழையபடி ஆக்கினாள்.

திரை பளிச்சென்று இருந்தது. மேலே ஒரு பட்டை கிடையாது.

"அடேங்கப்பா! இவ்ளோ பெரிய திரையா நம்மளோடது?" என்றார் நைனா.

பதிவுப் பக்கம் முழுசாகத் திறந்தது. எலிசபெத் அக்கா சிரித்துக்கொண்டே பெயரையும் எண்ணையும் போட்டு உள்ளே போனாள். கல்லூரிப் பட்டியலைத் திறக்கும் இடத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ‘இந்தப் பட்டியலைப் படிக்கும் மென்பொருள் பழையதாகிவிட்டது. புதியதைப் போட்டுக்கொள்ளலாமா?’

திரிசலா படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது. பழக்கப்பட்ட கை. சரி. அடுத்து. அடுத்து.

"நைனா!"

"புதுசு கேக்குதேம்மா, அதான்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையின் உச்சியில் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே குரங்கு. அழுத சுவடே இல்லை. ‘வா, விளையாடலாம்’ என்று குதித்தது. அதன் பின்னாலேயே புதிதாக ஒரு சமையல் பட்டையும் வந்தது.

திரிசலா பதறிப்போய் ‘நிறுத்து’ என்பதை அழுத்தினாள். எல்லாம் பாதியில் நின்றது. வேண்டிய மென்பொருள் வந்து சேரவில்லை. வேண்டாத குரங்கு மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டது.

நைனா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "இந்தக் கைய இன்னா பண்றதுன்னே தெரியல" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

எலிசபெத் அக்கா சாலைக்கு அப்பால் பார்த்தாள். ராஜகிரி மலையின் உச்சிக்குப் பக்கத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "பரவால்ல திரிசலா. நீ எவ்ளோ பண்ணிட்ட" என்றாள்.

அந்தப் ‘பரவால்ல’தான் திரிசலாவுக்குப் பொறுக்கவில்லை.

"உக்காருங்கக்கா. எழுந்திருக்காதீங்க" என்றாள். குரங்கையும் சமையலையும் மறுபடி காலி செய்தாள். இந்த முறை குரங்கு அழுததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வரட்டும் என்று காத்திருந்தபோது அவளுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. துரத்தலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் துரத்தலாம். ஆனால் அது எந்த வழியாக உள்ளே வருகிறது?

அப்போது அம்மா வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு பாக்கெட். அம்மாவின் பெயர் தர்மவதி.

"பொழுது சாயப் போவுது. ரெண்டு பேரும் சாப்ட வர்ற நினைப்பு இருக்குதா இல்லியா?"

அவர்கள் சமண வீட்டுக்காரர்கள். விளக்கு வைத்தபிறகு சாப்பிடும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. வெயில் இருக்கும்போதே கையைக் கழுவிவிட வேண்டும்.

"மலைக்குப் பின்னாடி போனா அது மறையறதுதான். இன்னும் சாயல" என்றார் நைனா. வீட்டில் தினமும் நடக்கும் வழக்கு இது.

"அதெல்லாம் சூரியன்கிட்ட சொல்லுங்க" என்ற அம்மா, எலிசபெத் அக்காவைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "மூஞ்சே வாடிக் கிடக்குது இந்தப் பொண்ணுக்கு. இந்தா, கடலை வாங்கியாந்தேன். திரிசலா, நீயும் சாப்டலாமான்னு பார்த்துட்டுப் பிரி."

திரிசலா பாக்கெட்டை வாங்கினாள். முன்பக்கம் பெரிய பச்சை எழுத்தில் ‘சுத்த சைவம்’ என்று மின்னியது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் பாக்கெட்டைத் திருப்பியது. அவர்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அதனால் எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் முதலில் முதுகைப் படிக்க வேண்டும். ஒருமுறை நைனா படிக்காமல் ஒரு பெட்டி நிறைய முறுக்கு வாங்கி வந்து, தெருவே ஒரு வாரம் முறுக்கு தின்றது.

"கடலை, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள்..." எறும்பு வரிசைபோல இருந்த எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தாள். "...பூண்டுத்தூள். எனக்கு ஆவாதும்மா. அக்காவுக்குத்தான்."

"முன்னாடி பார்த்தா நல்லாத்தான் இருந்துது" என்றாள் அம்மா.

திரிசலா பாக்கெட்டை எலிசபெத் அக்காவிடம் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பாக்கெட்டைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நைனா, நீங்க ‘அடுத்து’ அழுத்தறதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டியில கீழ சின்னதா ஏதாவது எழுதியிருக்குமா?"

"இருக்கும்மா. அதை யார் படிக்கறாங்க?"

"நாமதான் படிக்கணும்!"

அவள் நாற்காலியில் தாவி ஏறினாள். பதிவுப் பக்கம், பெயர், எண், பட்டியல். அதே பெட்டி எட்டிப் பார்த்தது. ‘போட்டுக்கொள்ளலாமா?’ திரிசலா ‘சரி’ என்றாள். அடுத்த பெட்டி வந்தது. நடுவில் பெரிய பச்சைப் பொத்தான் மின்னியது. அதை அவள் தொடவில்லை. முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய், பாக்கெட்டின் முதுகைப் படிப்பதுபோல் அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

"இருக்குது! ‘இதோடு குரங்கு டூல்பாரையும் சேர்த்துப் போட எனக்குச் சம்மதம்’னு எழுதியிருக்குது. பக்கத்துல கட்டம். கட்டத்துல டிக்."

"நான் டிக் எதுவும் போடலியேம்மா!" என்றார் நைனா.

"நீங்க போடல நைனா. அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. நீங்க சரின்னு சொன்னதா அவங்களே எழுதிக்கினாங்க."

நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. எத்தனையோ வருடமாக அந்த முகத்தில் திரிசலா கோபத்தைப் பார்த்ததில்லை.

"இது மரியாதையா கேக்கறதே இல்லியே" என்றார். "கேக்காமலே உள்ள வந்திருக்குதே!"

"ஆமா நைனா."

"நகரும்மா."

அவர் மவுஸைப் பிடித்தார். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று சரியாகப் புரியவில்லை. ஆனாலும் அவளும் பிடித்துக்கொண்டாள். நைனா கட்டத்தின்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினார். டிக் மறைந்தது.

"வே...ண்டாம்" என்றார். முதல்முறை சொல்வதால் வார்த்தை கொஞ்சம் தடுக்கியது.

அடுத்த பெட்டியில் சமையல் பட்டைக்கு ஒரு டிக் இருந்தது. "வேண்டாம்." அதற்கடுத்து, முதல் பக்கத்தை மாற்றச் சம்மதம் என்று ஒன்று. "அதுவும் வேண்டாம்!" இப்போது வார்த்தை சரளமாகவே வந்தது.

வேண்டிய மென்பொருள் மட்டும் சமர்த்தாக வந்து சேர்ந்தது. திரையின் உச்சியில் எல்லாரும் தொப்பியைத் தேடினார்கள். காணவில்லை. பூனைகூட எழுந்து வந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பட்டியல் திறந்தது. எலிசபெத் அக்கா நாற்காலிக்கு வந்தாள். எந்தக் கல்லூரி முதலில், எந்தக் கல்லூரி அடுத்து என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் போல. ஒவ்வொன்றாகக் குறித்தாள். விழுப்புரம்தான் முதலில். வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, ‘உறுதி செய்’ என்பதற்குமேல் அம்பை வைத்தாள். அங்கே நிறுத்தினாள்.

"திரிசலா, அடியில ஏதாவது எழுதியிருக்குதா பாரு."

திரிசலா குனிந்து கடைசி எழுத்துவரை படித்தாள். "ஒண்ணும் இல்லக்கா. அழுத்துங்க."

அழுத்தினாள். திரையில் சக்கரம் சுற்றியது. கிழக் கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த அளவு முக்கியது. பிறகு பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. ‘உங்கள் விருப்பங்கள் பதிவு செய்யப்பட்டன.’

எலிசபெத் அக்கா திரிசலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் இப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். "நான் நர்ஸாகி வந்ததும் முதல் ஊசி உனக்குத்தான். சும்மாவே போடறேன்!"

"ஐயோ, அது வேண்டாம்க்கா!" என்று திரிசலா இரண்டடி தள்ளிப் போனாள்.

பதிவு செய்த தாளை நைனா அச்செடுத்துக் கொடுத்தார். அம்மா வாசலில் நின்று மலையையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு கீத்து வெயில்தான் இருக்குது. வர்றீங்களா, நான் தூக்கை எடுத்துக்கினு போகட்டா?"

நைனாவும் திரிசலாவும் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார்கள். அம்மா தூக்கைத் திறந்தாள். சூடான பருப்புச் சாதம். திரிசலாவுக்கு அப்போதுதான் தனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. எலிசபெத் அக்கா பூண்டுக் கடலையைக் கொறித்துக்கொண்டே, சாப்பிடும் இருவருக்கும் காவல்போல மலையுச்சியைப் பார்த்து, "இன்னும் இருக்குது... இன்னும் இருக்குது..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி வாய் உள்ளே போகவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மெக்கானிக் கோதண்டராமன். நைனா கை கழுவிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். நாதஸ்வரம் இன்னும் ஓயவில்லை.

"நேமிராஜ், நாளைக்குக் காலையில வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கினு போயிடறேன். மொத்தமா அழிச்சிடறேன். சரியா?"

நைனா திரிசலாவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேண்டாம் கோதண்டராமா."

அவர் தள்ளி வந்து நின்றார் போல, அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம் குறைந்தது. பிறகு கோதண்டராமன் சந்தேகமான குரலில் கேட்டார்.

"யாருங்க பேசறது? போனைக் கொஞ்சம் நேமிராஜ்கிட்ட குடுங்க."